மஹய்யாவ விலாசம்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி ஜெயித்ததே இல்லை. கணித உயிரியல் என்றால், "கணக்கா, பயாலஜியா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க" என்கிறார்கள். தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று சமன்பாடு எழுதிப் பார்ப்பது என்றால், "அப்ப எப்ப முடியும்னு சொல்லுங்க" என்கிறார்கள். மதுரையில் எங்கள் அடுக்குமாடியின் வாட்ச்மேன் மட்டும் எனக்குக் கொசு மேடம் என்று பெயர் வைத்து விஷயத்தை முடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அதைவிடப் பொருத்தமான பதவிப் பெயர் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தக் கொசு மேடத்தைக் கண்டிக்கு வரவழைத்தவர் ரிஸ்வான். அங்கே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிப்பவர். நாங்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளாமல், கணினித் திரையிலேயே பேசிப் பேசி ஒரு வரைபடம் செய்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு டெங்குக் காய்ச்சலோடு வருகிறவர்களின் பெயரை நீக்கிவிட்டு, அவர்கள் எந்தத் தெருவில் இருந்து வந்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டி நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் நிழல்களாக வரைந்தோம். காய்ச்சல் கூடக்கூட நிழல் கறுக்கும். படத்தில் எல்லாவற்றையும்விடக் கறுத்துப் போயிருந்தது மஹய்யாவவில் ஒரு சந்து. வெள்ளிக்கிழமை நகரத்துச் சுகாதார அதிகாரிகளின் கூட்டம். எந்தத் தெருவில் முதலில் மருந்தடிப்பது, எந்த வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வதற்கு இந்தப் படத்தை நான் விளக்க வேண்டும். அதுவரை நான் கண்டியை வரைந்திருந்தேனே தவிரப் பார்த்ததில்லை.

வந்து இறங்கிய அன்று ரிஸ்வான் நேரே அலவத்துகொடவில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வழியில் கண்டிக் குளத்தைக் காட்டினார். எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தில் பல காலம் கிரிக்கெட்தான் நடந்தது என்று சொன்னால் அவர் நம்பவில்லை. வீட்டில் இடியாப்பம், கோழிக்கறி, தேங்காய்ச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். அவருடைய உம்மா என் தட்டு காலியாகிவிடக் கூடாது என்று காவலுக்கு நிற்பதுபோல் பக்கத்திலேயே நின்றார்.

"மகள், நீங்க டொக்டரா?"

"கணக்கு டாக்டர் உம்மா."

"அப்ப ஊசி போட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அது நல்லம்" என்று இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தார். தேநீருக்குச் சீனி போதுமா என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சென்னைக்குப் போனால் சர்க்கரை என்று திருத்துவார்கள். கடல் தாண்டி வந்து மதுரைச் சீனியைக் கேட்கிறேன்.

இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று உம்மா கேட்டார். எண்களுக்குள்ளேயே காலத்தைக் கழிக்கலாம் என்றுதான் கணிதம் படிக்கப் போனேன். சிக்குன்குனியா வந்த வருடம் எங்கள் தெருவே நொண்டிக்கொண்டு நடந்தது. முதலில் வடக்குப் பக்க வீடுகள், பிறகு தெற்குப் பக்கம், ஏதோ வரிசையில் கூப்பிட்டதுபோல. வீட்டில் படுத்துக்கிடந்த நேரத்தில் அதைக் கட்டம்போட்டு வரைய ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை. நடுவில் கொரோனா வந்து என்னைக் குடும்பத்துக்குள் பெரிய ஆளாக்கியது. சித்தி மகள் கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று ஜோசியரையும் என்னையும் சேர்த்தே கேட்டார்கள். ஜோசியர் தெளிவாகச் சொன்னார். நான் இரண்டு வளைகோடுகளைக் காட்டி, இதற்கு நடுவில் எங்கேயாவது இருக்கும் என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் அந்தக் கறுத்த சந்தைப் பார்க்க வேண்டும் என்றேன். ரிஸ்வானின் மனைவியோடு ஒரே பள்ளியில் படிப்பிக்கும் ஸ்டெல்லா டீச்சரின் வீடு அதே சந்தில் இருந்தது. பள்ளி லீவு. ரிஸ்வான் தொலைபேசியில் சொல்லிவிட்டு என்னை ஒரு த்ரீவீலரில் ஏற்றி அனுப்பினார்.

மஹய்யாவவில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒரு வீட்டுக் கூரைக்கு நேராக அடுத்த வீட்டு வாசல். படிகள், துணிக் கொடிகள், ஒரு மாதா சொரூபம், கொஞ்சம் தள்ளி ஒரு கோவில் மணி. நான் வந்த வேலைப்படி தேங்கிய தண்ணீரைத் தேடிக்கொண்டு ஏறினேன். பழைய டயர், சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, ஐஸ்கிரீம் டப்பா என்று எனக்கு வழக்கமான சந்தேகப் பேர்வழிகள் உண்டு. ஒருவரும் அகப்படவில்லை. தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு மூடி இருந்தது, மூடி மேல் கல் இருந்தது. எங்கள் அடுக்குமாடி மொட்டை மாடியை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஸ்டெல்லா டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். மலைமேல் புசல்லாவை என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே வாழ வந்தவர். கணவருக்குக் கொழும்பில் வேலை. "வாங்க, கதிரைய இழுத்து ஒக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். வீட்டில் லெட்சுமி என்ற பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் புசல்லாவைப் பக்கம். புருஷன் ராமையா காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்ததால் இங்கே தங்கிக்கொண்டு சாப்பாடு எடுத்துப்போய்க் கொடுத்து வருகிறாளாம். நாளைக்கு அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சொந்தமா என்று கேட்டேன். "எங்கக்கா வீட்டுக்கு ரெண்டு லயம் தள்ளி" என்றார் ஸ்டெல்லா. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அது சொந்தம்தான் போலிருக்கிறது.

சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு வந்தது. சாப்பிடும் முன் நான் செய்த புத்திசாலித்தனம், மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டியது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்தக் கறுப்பு நாங்களா?"

"இந்தச் சந்து. வீடு வீடாக இல்லை, மொத்தமாகத்தான்."

"போன தடவ மருந்தடிக்க வந்தாங்க. இங்கருந்து வீடுங்களுக்கு சமைக்க, துணி தொவைக்கப் போற பொம்பளைங்க இருக்காங்க. காய்ச்சல் சந்துன்னு பேர் வந்ததும் வரவேணான்னுட்டாங்க. மாசம் பூரா வேல இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளிக்கிழம இத காட்டப் போறீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"சரி. சோறு ஆறிடும், சாப்புடுங்க."

கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டாவது தடவையும் குழம்பை அவரே ஊற்றினார்.

புசல்லாவை என் படத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. மலை, குளிர், அதனால் கொசு குறைவு என்று அதற்கு அழகான ஒரு சமன்பாடு வைத்திருந்தேன். அதையும் பார்த்துவிடலாம் என்று, மறுநாள் ஸ்டெல்லா டீச்சர் லெட்சுமியையும் ராமையாவையும் ஊருக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். நுவரெலியா போகும் தனியார் பஸ். பாட்டுச் சத்தம் எங்கள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை ஞாபகப்படுத்தியது. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே எங்களை நெருக்கினார். "முன்னுக்குப் போகட்டாம், முன்னால காலியா கெடக்காம்" என்று டீச்சர் மொழிபெயர்த்தார். முன்னால் ஒரு கைக்குழந்தைக்குக்கூட இடமில்லை. உலகத்துக் கண்டக்டர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

கம்பளை தாண்டி மலை ஏறும்போது பஸ் ஒரு வளைவில் நின்று ஆவி விட்டது. எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் ஒரு தகர வாளியை எடுத்துக்கொண்டு சாலையோரத் தொட்டிக்குப் போனார். எனக்குக் கை சும்மா இருக்காது. பின்னாலேயே போய்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்தேன். எனக்குத் தாகம் என்று நினைத்து ஒரு பெரியவர் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இன்னொருவர், "அந்தத் தண்ணி குடிக்க ஏலாது, வயித்தால போகும்" என்று எச்சரித்தார். புழு இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் மோசமாக எடுத்துக்கொள்வார்கள் என்று பேசாமல் போத்தலை வாங்கிக் குடித்தேன்.

தோட்டத்தில் இறங்கியபோது, குளிர் என்று நான் சமன்பாட்டில் எழுதியிருந்த இடத்தில் எனக்கு வியர்த்தது. ராமையாவைப் பார்க்க லயமே வாசலுக்கு வந்தது. ஸ்டெல்லாவின் அக்கா எல்லோருக்கும் ப்ளேன்டீ போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் போன மாதம் காய்ச்சல், அதற்கடுத்த வீட்டில் அதற்கு முந்தின மாதம் என்று பேச்சு ஓடியது. படத்தில் வெள்ளையான ஊரில் இவ்வளவு காய்ச்சலா என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசனை ஓடவில்லை, தலை பாரமாக இருந்தது. டீயின் சூடு உதட்டை விட்டு முதுகுக்கு ஏறியது. திரும்பும் பஸ்ஸில் பல் அடித்துக்கொண்டது.

"ஹோட்டல்ல விட்டுடுங்க" என்றேன்.

ஸ்டெல்லா டீச்சர் புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஹோட்டல்ல யாரு கஞ்சி வைப்பா?" என்று மட்டும் கேட்டார். டீச்சர் வீட்டில், லெட்சுமி அன்று காலையில் மடித்து வைத்துவிட்டுப் போன அதே பாய், அதே தலையணை. ஒன்று மட்டும் வற்புறுத்தினேன், கொசு வலை வேண்டும் என்று. என்னைக் கடிக்கிற கொசு பிறகு அவரைக் கடித்தால் நான் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை. எங்கிருந்தோ ஒரு தொட்டில் வலையையும் சேலையையும் சேர்த்துக் கட்டினார்.

காலையில் பெரிய ஆஸ்பத்திரி. நீளமான வரிசை. டீச்சர் ஒரு கையில் என்னையும் இன்னொரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு நின்றார். கவுன்டரில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார், டீச்சர் பதில் சொன்னார். பெயர் கோமதி. வயது. நான் ஹோட்டல் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர் மளமளவென்று ஒரு விலாசத்தைச் சொல்லி முடித்துவிட்டார். சிங்களம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சந்தின் பெயர் எனக்குத் தெரியும். என் படத்தில் நான் மிகக் கறுப்பாகப் பூசிய பெயர். கவுன்டர்க்காரர் அதைத் தட்டச்சு செய்தார்.

"ஏன் டீச்சர் உங்க விலாசம் குடுத்தீங்க?"

"வேற என்னத்த குடுக்கிறது? ஏதாச்சும்னா எனக்குல்ல சொல்லணும்? எல்லாருக்கும் இத தான் குடுப்பேன். லெட்சுமி புருஷனுக்கும் இதே தான்."

"அவருக்கு ஊரில் வீடு இருக்கே?"

"வீடு இருக்கு, விலாசம் எங்க இருக்கு? தோட்டத்துக்கு வர்ற கடுதாசி ஆபீசுக்குத்தான் போவும். அங்கருந்து எப்ப கைக்கு வருமோ. கிளினிக்குக்கு வரச்சொல்லி கடுதாசி போட்டா நாள் தப்பிடும். அதனால டவுன்ல யாரு வீட்டுல தங்குறாங்களோ அந்த வீட்ட சொல்றது. எங்க சந்துல முக்காவாசிப் பேருக்குத் தோட்டத்துல ஆளுங்க இருக்காங்க. எல்லா வீட்டுலயும் இப்படித்தான்."

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று டீச்சர் பயந்துபோனார்.

கணக்கு இதுதான். டெங்குக் கொசு கடித்த உடனே காய்ச்சல் வராது, ஒரு வாரம்போல உள்ளே இருந்துவிட்டுத்தான் வரும். நான் கண்டிக்கு வந்து அத்தனை நாள் ஆகவில்லை. என்னைக் கடித்தது மதுரைக் கொசு. நான் குடியிருக்கும், ஐஸ்கிரீம் டப்பா நிறைந்த அந்த மொட்டை மாடியின் கொசு. அது கடித்த கடி இப்போது மஹய்யாவ சந்தின் கணக்கில் ஏறிவிட்டது. என்னைப் போலவே ராமையா. ராமையாவுக்கு முன்னால் வந்து அந்தப் பாயில் படுத்தவர்கள் அத்தனை பேரும். மலை வெளுத்ததும் சந்து கறுத்ததும் குளிரால் அல்ல. விலாசம் என்றால் அங்கேதான் கொசு கடித்தது என்று நானும் ரிஸ்வானும் எடுத்துக்கொண்டோம். காய்ச்சல்காரனை வீட்டுக்குள் விடுகிற சந்து எதுவோ அதைத் தேடிப் பிடித்துக் கறுப்படித்திருக்கிறோம்.

ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றே வந்தது. வார்டில் சேர்த்தார்கள். வலைக்குள் படுக்கை. குடிக்கிற தண்ணீர், கஞ்சி, செவ்விளநீர் எல்லாவற்றையும் அளந்து எழுதினார்கள். ரிஸ்வான் மாலையில் வந்து என்னை "டொக்டர்" என்று கூப்பிட, தாதி திரும்பிப் பார்த்து, நீங்கள் எந்த வார்டு டொக்டர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கணக்கு வார்டு என்றேன். அவருக்கு நேரமில்லை, போய்விட்டார்.

நடந்ததை ரிஸ்வானிடம் சொன்னேன். நாளைக்கு அந்தப் படத்தைக் காட்டக் கூடாது என்றேன். அவர் கட்டில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் பதவி உயர்வுக்கு நம்பியிருந்த கட்டுரையும் அந்தப் படத்தை வைத்துத்தான் எழுதியது. எனக்கும் அது சின்ன இழப்பில்லை.

"படத்த எடுத்தா நமக்குச் சொல்ல என்ன இரிக்கி டொக்டர்?"

"தெரியலை. ஆனா இதைக் காட்டினா அந்தப் பொம்பளைங்க மறுபடி வேலைக்குப் போக முடியாது. டீச்சர் இனிமே யாரையும் வீட்டுக்குள்ள விட முடியாது."

அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "உம்மா கஞ்சி அனுப்பின" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காய்ச்சலைவிட அந்தப் பகல்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோடம்பழம் என்று இங்கே சொல்கிற ஆரஞ்சை உரித்து நாரை எடுத்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ரிஸ்வான் சாயங்காலம் வந்தார். சட்டைக் கை மடித்திருந்தது, களைத்திருந்தார்.

"படத்த காட்டல்ல" என்றார். "டொக்டர்ட காய்ச்சல காட்டினேன்."

மதுரையில் கடித்த கொசு மஹய்யாவவில் பதிவான கதையை அப்படியே சொல்லியிருக்கிறார். முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு ஒரு அதிகாரி, அப்படியானால் மற்றச் சந்துகளும் சந்தேகம்தானே என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறார் ரிஸ்வான். எந்தச் சந்தின் பெயரையும் இப்போது எழுத வேண்டாம் என்று முடிவானது. இனிமேல் காய்ச்சலோடு வருகிறவரிடம் எங்கே தங்குகிறீர்கள் என்பதோடு, இதற்கு முந்தின வாரம் எங்கே இருந்தீர்கள் என்றும் கேட்கப் போகிறார்கள். நாங்கள் படத்தை முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

டீச்சர் சுளையை ரிஸ்வானிடம் நீட்டினார். "பசியோட வந்திருப்பீங்க, வீட்டுக்கு வாங்க, சோறு இருக்கு" என்றார். அவர் சொன்ன நன்றி அவ்வளவுதான். தன் சந்துக்குக் கறுப்புப் பூசிய பெண் என்று தெரிந்தே அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிய பிறகும் பலம் வரும்வரை டீச்சர் வீட்டில்தான் இருந்தேன். பப்பாசி இலையை இடித்துச் சாறு தரட்டுமா என்று மேல் வீட்டுப் பெண் கேட்டாள். ஊரில் நிலவேம்புக் கசாயத்துக்குப் பயந்து ஓடுகிறவள் நான், டாக்டர் கஞ்சி மட்டும் சொல்லியிருக்கிறார் என்று தப்பித்தேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வாசலில் ஒரு இளைஞர் வந்து நின்றார். பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர். காய்ச்சல் பதிவான வீட்டைத் தேடி வந்திருந்தார். என் புள்ளியைத் தேடி வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

பூந்தொட்டியைச் சாய்த்துப் பார்த்தார். பீப்பாய் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தன. நான் இத்தனை வருடம் திரையில் பார்த்த ஒரு புள்ளிக்கு, இப்படி ஒருவர் வியர்க்க வியர்க்கப் படியேறி வர வேண்டியிருக்கிறது. அவர் சிங்களத்தில் டீச்சரிடம் ஏதோ கேட்டார்.

"காய்ச்சல் வந்தவங்க இந்த வீட்டு ஆளான்னு கேக்குறார்" என்றார் டீச்சர்.

இதற்கு மட்டுமாவது ஒழுங்காகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்தேன். "இல்லைன்னு சொல்லுங்க டீச்சர். நான் மதுரை. கடிச்ச கொசுவும் மதுரை."

டீச்சர் சொன்னார். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. அந்த இளைஞர் சிரித்து, என்னைப் பார்த்துத் தலையசைத்து, எழுதிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

டீச்சர் பீப்பாய் மூடியை மூடி அதன்மேல் கல்லை வைத்தார். "நம்ம வீட்டு ஆளு தான், காய்ச்சல மட்டும் மதுரையில இருந்து கொண்டாந்துட்டாங்கன்னு சொன்னேன்."